பதினான்காம் எண் காரணம்

உம்கெனி சாலையில் நாலாவது மாடி.
பதினொரு வருடம்
டர்பனில் எங்கே மழை பெய்தாலும்
இரண்டு நாள் கழித்து என் மேசையில் பெய்தது,
புகைப்படமாக.

சரிந்த மதில். சேறு குடித்த சோபா.
பக்கத்து வீட்டு மாமரத்தில் தொங்கும் கூரைத் தகரம்.
தண்ணீர் ஏறிய உயரத்தை நான் பார்க்கமாட்டேன்.
அதற்கு முன்பே சுவரில் இருந்த
மயிரிழை விரிசலைத் தேடுவேன்.
எல்லாச் சுவரிலும் ஒன்று இருக்கும்.
கிடைத்ததும் விசைப்பலகையில் ஒன்று, நான்கு.
பதினான்காம் எண் காரணம்:
படிப்படியான தேய்மானம், காப்பீட்டில் அடங்காது.

முதல் வருடம் கழிப்பறையில் போய் அழுதேன்.
இரண்டாம் வருடம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
பிறகு கண்ணாடிக் கேடயம் ஒன்று கொடுத்தார்கள்,
கூரிய கண்ணுக்காக.
மின்கட்டண ரசீதுகள் பறக்காமலிருக்க
அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன்.

குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.
மேலதிகாரி ஹெஸ்டர் நல்லவள்,
என் பிறந்தநாளுக்கு மில்க் டார்ட் சுட்டு எடுத்து வருவாள்.
இருபத்தைந்தாம் தேதி சம்பளம் தவறியதில்லை.
சில்வர்க்ளென் வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம்.
"கொடுமைக்கார முதலாளி ஒருத்தன் வாய்த்திருந்தால்
எப்போதோ போயிருப்பாய்" என்பான் யோகன்,
துணி மடித்துக்கொண்டே.

திரோஷாவுக்கு எட்டு வயது.
ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து
உடைந்த தண்ணீர் பாட்டிலோடு வந்தாள்.
எப்போது நடந்தது, கேட்டேன்.
யார் பார்த்தார்கள்?
முன்னாடியே கீறல் இருந்ததா?
மூடியை ஒரு கையிலும் மீதியை ஒரு கையிலும் பிடித்தபடி
பிள்ளை சொன்னாள்:
"போட்டோ எடுக்கத் தோணலை, அம்மா. சாரி."

அன்றைக்கே விட்டிருப்பேன் என்று நினைப்பீர்கள்.
இல்லை.
இன்னும் நாலு மாதம் போனேன்.
பள்ளிக் கட்டணம், கார் டயர், சோம்பேறித்தனம்.

பிறகு குவாமாஷுவிலிருந்து திரு. ஸுங்குவின் கோப்பு.
விழுந்த சமையலறைச் சுவர்.
படிவத்தில் கேட்டபடியே
அளவு நாடாவை நேராகப் பிடித்திருந்தார்.
கை மட்டும்தான் படத்தில்.
சுற்றிலும் முழங்கால் சேறு,
அந்தச் சட்டைக் கையில் இஸ்திரி மடிப்பு.
எனக்குக் காட்டுவதற்காக
நல்ல சட்டை போட்டிருக்கிறார் மனிதர்.
மடிப்பைப் பார்த்தேன்.
விரிசலையும் பார்த்தேன்.
ஒன்று, நான்கு.

கீழே இறங்கிப் போய்
கால் ரொட்டி பன்னி சௌ வாங்கினேன், பீன்ஸ் போட்டது.
நல்ல பசி. ருசியாக இருந்தது.
ரொட்டியின் அடியைக் குழம்பில் துடைத்துத் தின்று
விரலையும் நக்கினேன்.
கை கழுவக் குழாயைத் திறந்தபோது
பழைய பழக்கத்தில் கொஞ்சம் நின்றேன்.
தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.
ஒன்றும் வரவில்லை.

மேலே போய்க் கோப்பைத் திறக்கப் பார்த்தேன்.
மூடிய கோப்பு மூடியதுதான்.
ஹெஸ்டரிடம் கேட்டேன்.
"நீ போட்டது சரிதானே" என்றாள்.
சரிதான்.
ராஜினாமாப் படிவத்தில் காரணம் கேட்ட கட்டத்தில்
வெகு நேரம் கழித்து
ஓர் எண் மட்டும் போட்டேன்.

இப்போது அரீனா பார்க்கில் ஒரு ஹார்ட்வேர் கடை.
சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைவு.
கடன் ஒன்பது வருடம் இல்லை, பன்னிரண்டு.
காலை எட்டு மணிக்கே வந்து நிற்கிறார்கள்,
விரிசல் அடைக்கும் பசை எந்த அலமாரியில் என்று.
காட்டுகிறேன்.
எவ்வளவு நீளம் என்று கேட்கிறேன்,
எவ்வளவு ஆழம் என்று.
எப்போதிலிருந்து என்பது மட்டும்
இன்னும் நாக்கு நுனிவரை வருகிறது.
டியூபின் மூடியைத் திருகிக் காட்டும் சாக்கில்
விழுங்கிக்கொள்கிறேன்.